ரம்பக்காரனுக்கு வந்த கேஸ்

கள்ளக்குறிச்சி புளி மண்டிக்கு அந்தக் காலத்தில் முப்பது பெண்கள் புளி தட்ட வருவார்கள். நிழல் விழும் மூலை, காற்று வரும் வாசல் என்று ஒவ்வொருத்திக்கும் ஓர் இடத்தின் மேல் ஆசை. செவ்வந்திக்குத் தராசுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கொட்டை நீக்கிய புளி தட்டில் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்று அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மண்டிக்காரர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "இன்னா செவ்வந்தி, எம்மேல நம்பிக்க இல்லியா?" என்று கேட்டேவிட்டார். "உங்க மேல இருக்குதுங்க. தராசு மேலதான் இல்ல" என்றாள்.

பால் வாங்கப் போனால் மாட்டுக்கு முன்னால் நின்று கறப்பதைப் பார்ப்பாள். கண்டக்டர் சொன்ன ஊரை டிரைவரிடம் ஒரு தடவை சரிபார்த்த பிறகுதான் பஸ்ஸில் ஏறுவாள். பேனாவும் காகிதமுமாக எவன் வந்தாலும் பாதிக் கதவுதான் திறக்கும். அவளுக்குக் கெட்ட மனசு என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்காததை அவள் நம்பமாட்டாள், அவ்வளவுதான். உலகத்தில் பாதிப்பேர் அப்படி இருந்தால் ஏமாற்றுகிறவர்கள் வேறு தொழில் பார்த்திருப்பார்கள்.

கட்டிய புருஷன் செல்லமுத்து நேர் எதிர். அவளுக்கு அத்தை மகன். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு மரவாடியில் ரம்பம் இழுக்கிற வேலை. சாயங்காலம் தலையெல்லாம் மரத்தூளோடு வருவான், வரும்போதே எதையாவது நம்பிக்கொண்டு வருவான். சந்தையில் ஒருத்தன் வெல்லப்பாகைக் காட்டி மலைத்தேன் என்றால் இரண்டு பாட்டில் வாங்கி வருவான். அவன் நம்பி வந்ததையெல்லாம் செவ்வந்தி போய் விசாரித்துப் பொய் என்று நிரூபித்துவிட்டு வருவாள். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுவே ஒரு கலகலப்பு.

எண்பத்தேழு புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் ஓடவில்லை, பேப்பர் வரவில்லை. வடக்கே துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள் என்று செய்தி மட்டும் வாய்வழியாக வந்தது. செல்லமுத்துவும் செவ்வந்தியும் மறியல் செய்த அதே சனம்தான். ஆனால் அவன் மறியலுக்குப் போகவில்லை. போக விடாமல் அவள் கதவைச் சாத்தி, கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வாரமும் அவன் வீட்டில் படுத்துக்கிடந்தான்.

மறியல் முடிந்த பிறகு, மரங்களை வெட்டியது யார் என்ற விசாரணை ஆரம்பித்தது. ஊரில் ரம்பம் வைத்திருப்பவர்களிடமிருந்து தொடங்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, இரண்டு போலீஸ்காரர்கள் மரவாடிக்கு வந்தார்கள். ரம்பங்களை எண்ணினார்கள். பல்லைத் தடவிப் பார்த்தார்கள். வேலை செய்த ஆறு பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதினார்கள்.

"அந்த வாரம் எங்க இருந்த?" என்று செல்லமுத்துவைக் கேட்டார் எழுதியவர்.

"வூட்டுலதாங்க."

"யாரு பாத்தா?"

"எம் பொண்டாட்டிங்க."

போலீஸ்காரர் சிரித்தார். பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். நடந்தது இவ்வளவுதான். மற்ற ஐந்து பேரும் அன்று சாயங்காலம் டீ குடிப்பதற்குள் அதை மறந்துபோனார்கள்.

செல்லமுத்து மறக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், "அந்தாளு ஏன் சிரிச்சாரு?" என்று கேட்டான். மறுநாளும் கேட்டான். நான்காம் நாள், டீக்கடையில் புதிதாக ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், கையில் பேப்பர் இருக்கிறதே தவிர பக்கத்தைத் திருப்பவில்லை என்று சொன்னான். செவ்வந்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

அதன் பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து சந்தேகப்பட்டார்கள். யார் தெருவில் இரண்டு தடவை நடந்தான், யார் எதற்கு இருமினான் என்று ராத்திரியெல்லாம் பேசினார்கள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு நேரம் பேசியதில்லை. அவன் ஒன்று சொன்னால் அவள் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துத் தருவாள். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அவன் அடுத்த படிக்குப் போவான்.

ஊரும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஈயம் பூச வந்தவனை சி.ஐ.டி. என்றார்கள். வாழைப்பழ வண்டிக்காரன் சீப்பை மாற்றி அடுக்கினால் அது சைகை என்றார்கள். மறியல் நடத்திய சங்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள், மற்ற சாதிக்காரர்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். ஊரே சந்தேகப்படும்போது, அதில் ஒருத்தனுக்கு மட்டும் அது நோயாக வந்திருக்கிறது என்று எவன் பிரித்துப் பார்ப்பான்?

தை பிறந்ததும் செல்லமுத்து வேலைக்குப் போவதை நிறுத்தினான். ரம்பம் இழுக்கும்போது 'செல்லமுத்து, செல்லமுத்து' என்று தன் பெயர் கேட்கிறது என்றான். ரம்பம் எப்படிப் பெயர் சொல்லும் என்று ஒரு நொடி செவ்வந்திக்கே சந்தேகம் வந்தது. அடுத்த நொடியே, மரவாடிக்கு வெளியே நின்று எவனோ கூப்பிட்டிருப்பான், ரம்பச் சத்தத்தில் கலந்து கேட்டிருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிவிட்டாள். அந்த ஒரு நொடியை நினைத்து அவள் பிற்பாடு அழுதது தனிக் கதை.

ஜன்னல் இடுக்கில் துணி அடைத்தார்கள். அவன் பகலெல்லாம் தட்டுமுட்டுச் சாமான் வைக்கும் பரண்மேல் படுத்தான். தெருவில், வீட்டுக்காரர் மைசூருக்கு மர வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்தாள். சொன்னால் போதுமா, அவளே நம்பாத பேச்சை ஊர் எப்படி நம்பும்? அதற்கும் ஒரு வழி செய்தாள். தெரிந்த லாரி டிரைவர் ஒருத்தரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து மைசூரில் தபாலில் போடச் சொன்னாள். அது முத்திரையோடு வந்து சேர்ந்ததும் மூன்றாவது வீட்டு ஜெயசுதாவிடம் எடுத்துப் போய், "எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், செத்த படிச்சி சொல்லுக்கா" என்று தெரு கேட்கப் படிக்க வைத்தாள். ஒரு போலீஸ் அதிகாரிகூட அவ்வளவு திறமையாக வேலை செய்திருக்கமாட்டார். தேடாத போலீசிடமிருந்து அவள் தன் புருஷனை அப்படிக் காப்பாற்றினாள்.

பங்குனியில் தெருவுக்குள் ஒரு பெண் வந்தாள். தோளில் பை, கையில் அட்டை வைத்த காகிதங்கள். பெயர் ராதிகா. வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து வருவதாகவும், ஊரில் மனநல சிகிச்சை யாருக்கெல்லாம் தேவை என்று கணக்கெடுப்பதாகவும் சொன்னாள். செவ்வந்தி பாதிக் கதவைத் திறந்தாள்.

"உங்க வீட்ல யாராவது தூக்கம் இல்லாம இருக்காங்களா?"

"இல்ல."

"வெளிய போக பயந்துட்டு உள்ளயே இருக்காங்களா? யாரோ பின்னாலயே வர்றாங்க, தன்னப் பத்திப் பேசறாங்க, தன் பேர் காதுல கேக்குதுன்னு யாராவது சொல்றாங்களா?"

செவ்வந்தி கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். பரண்மேல் படுத்திருப்பவனைப் பற்றி ஒன்று விடாமல் இவளுக்கு எப்படித் தெரியும்? காகிதத்தின் மூன்றாவது வரியைத் தலைகீழாக எழுத்துக் கூட்டினாள். 'இனம்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் கட்டம் போட்டிருந்தது. சாதி கேட்கிற காகிதம், மறியல் கேசுக்குத்தான் என்று அவளுக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று.

"எங்க வூட்டுல நான் ஒருத்திதான். அவரு மைசூர்ல இருக்காரு" என்றாள்.

"உங்க பேரு?"

"பாப்பாத்தி" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். ராதிகா போனதும் பரண்மேலிருந்து, "பாத்தியா, வூட்டுக்கே வந்துட்டாங்க" என்று குரல் வந்தது. பாத்தேன் மாமா என்றாள் செவ்வந்தி. அவனைப் போலவே பயந்துபோய்க் கதவுக்குக் குறுக்கே உலக்கையை வைத்தாள்.

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடு. ராதிகாவின் காகிதத்தின்படி இருபத்திரண்டிலும் எல்லோரும் சுகம். முதல் வீட்டு அய்யனார், பஸ் ஸ்டாண்டில் பூட்டு விற்கிறவர், தன் வீட்டுப் பூட்டைப் பதினைந்து தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் மறுபடியும் திரும்பி வருவார். அவர் வீட்டில் எல்லோரும் சுகம். ஜெயசுதாவின் மகள் பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் ஆகியும் பெற்ற பிள்ளையைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். அங்கேயும் சுகம்தான். கணக்கெடுக்க வந்தவளை ஆளுக்கொரு மாதிரி நினைத்தார்கள். சாதி எத்தனை தலை என்று எண்ண வந்தவள் என்றார் ஒருத்தர், மறியல் கேசுக்கு ஆள் சேர்க்கிறாள் என்றார் இன்னொருத்தர். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோரும் ஆரோக்கியமாக இருந்துவிட்டார்கள்.

வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு அவனை ஊரில் வைத்திருக்க முடியாது என்று செவ்வந்தி முடிவு செய்தாள். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் மண்டிக்குக் கொண்டுவருகிற அம்மாசி என்று ஒருவர் இருந்தார். அவருடைய மூட்டையை மூன்று வருஷம் சோதித்துப் பார்த்து, ஒரு தடவைகூடக் குறை கிடைக்காத ஏமாற்றத்தில் அவர்மேல் அவளுக்கு மரியாதை ஏற்பட்டிருந்தது. அவரிடம் பாதி உண்மையைச் சொன்னாள். போலீசு தேடுகிறது, கொஞ்ச நாள் மேலே வைத்துக்கொள்ள முடியுமா? அம்மாசி அதிகம் கேட்கவில்லை. செல்லமுத்து காலிச் சாக்குக் கட்டை முகம் மறையத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சுமைக்காரனைப் போல அவர் பின்னால் பஸ் ஏறினான். அணைக்கட்டு வரை பஸ், அதற்கு மேல் ஒற்றையடிப் பாதையில் அரை நாள் ஏற்றம்.

இரண்டு மாதம் செவ்வந்தி நிம்மதியாகத் தூங்கினாள். ஆனி மாதம் அம்மாசி மூட்டை இல்லாமல் வெறுங்கையோடு மண்டிக்கு வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஜீப்பு வருது ஜீப்பு வருதுன்னு சொல்லிக்கினு இருக்காரு. எங்க ஊருக்கு சைக்கிளே வந்ததில்ல."

"கீழ போற சத்தம் மேல ஏறிவரும்ணே."

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். இப்ப நாலு நாளா ஊத்துத் தண்ணிய குடிக்கறதில்ல. போலீசு மருந்து கலந்துட்டான்றாரு. அந்த ஊத்துக்கு மேல வெறும் பாறையும் வானமுந்தான். யாரு ஏறிப்போயி கலப்பா? கண்ணெதிர கறந்து குடுத்தா ஆட்டுப்பாலு ஒரு வாயி குடிக்கறாரு. ஆளு பாதியா பூட்டாரு."

செவ்வந்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரையும் வாங்கிவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு அவளை யாரும் குறை சொல்ல முடியாது, அவள் பழக்கம் அது. ஆனால் வேட்டி முனையைப் பிசைந்துகொண்டு நின்ற அந்த மனுஷனைப் பார்த்தால் விலைபோனவனாகத் தெரியவில்லை. செல்லமுத்து மலையிலேயே தாகத்தில் செத்துப்போவான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஜெயிலில் போட்டாலும் தண்ணி கொடுப்பார்கள், உயிர் இருக்கும். அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலை மூன்று தடவை கடந்து போனாள். நான்காவது தடவை உள்ளே போனாள். மேசைக்குப் பின்னால் ரைட்டர் உட்கார்ந்திருந்தார். பாவாடை என்று பெயர், வயசானவர்.

"எங்க வூட்டுக்காரர ஒப்படைக்கறேங்க. அடிக்க மாட்டோம்னு சொல்லுங்க, எடத்த சொல்றேன்."

"யாரும்மா உங்க வூட்டுக்காரரு?"

"ரம்பக்கார செல்லமுத்துங்க. மரம் வெட்டன கேஸு."

அவர் பழைய நோட்டுகளில் தேடி ஒன்றை எடுத்தார். விரலை எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "மரவாடி, ஆறு பேரு. தோ இருக்குது செல்லமுத்து. விசாரிச்சோம், அனுப்பிட்டோம். அவ்வளவுதாம்மா. அவர யாரும் தேடல."

"நல்லா பாருங்க."

நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவன் பெயருக்கு நேரே, விசாரித்து அனுப்பப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. அதற்குமேல் அந்தக் காகிதத்தில் அவனைப் பற்றி ஒன்றும் இல்லை.

"அப்ப ஏன் சிரிச்சாங்க?"

"யாரு?"

"அன்னிக்கி பேரு எழுதினவரு. பொண்டாட்டி பாத்தான்னு இவரு சொன்னதுக்கு சிரிச்சாராம்."

ரைட்டர் நோட்டை மூடினார். "பொண்டாட்டி சாட்சின்னா யாருக்கா இருந்தாலும் சிரிப்பு வரும்மா" என்றார்.

செவ்வந்தி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிக்கோங்க" என்றாள்.

"இன்னாத்த எழுத?"

"அவரு மேல ஒரு கேஸு எழுதிக்கோங்க. சின்னதா ஒன்னு. கேஸு இருந்தாத்தானங்க ஒரு நாளைக்கு முடியும். இல்லாத கேஸ நான் எப்பிடி முடிக்கறது?"

முப்பது வருஷ சர்வீசில் புருஷன் மேல் கேஸ் எழுதச் சொல்லி இப்படி அழுதவளை அவர் பார்த்ததில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ரம்பத்தில் பெயர் கேட்டதையும், பரணையும், மைசூர்க் கடிதத்தையும், ஆட்டுப்பாலையும். முழுசும் கேட்டுவிட்டு அவர், "இது எங்க கேஸு இல்லம்மா, டாக்டரு கேஸு" என்றார். மாதம் ஒரு புதன்கிழமை வெளியூர் டாக்டர் ஒருவர் சத்திரத்துக் கூடத்தில் வந்து உட்காருகிறார், நாளை மறுநாள் அந்தப் புதன்கிழமை என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து நடந்தபோது அவளுக்குத் தெருவே புதிதாகத் தெரிந்தது. வாழைப்பழ வண்டிக்காரன் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் அவன் செய்துகொண்டிருந்தது, இத்தனை நாளும் அவ்வளவுதான் செய்திருக்கிறான். ஒன்பது மாதம் செல்லமுத்து சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டவள் தான்தான் என்ற நினைப்பு வந்தபோது நடுரோட்டில் நின்றுவிட்டாள். சைக்கிள்காரன் ஒருத்தன் திட்டிவிட்டுப் போனான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் ஜாஸ்தியாக இருந்தது.

புதன்கிழமை சத்திரத்தில் கூட்டமே இல்லை. வாசல் மேசையில் ராதிகா இருந்தாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நீங்க மைசூர்க்காரர் வீடு, பாப்பாத்தியம்மாதானே?"

"பாப்பாத்தி இல்ல, செவ்வந்தி. மைசூரும் இல்ல" என்றாள் செவ்வந்தி.

உள்ளே டாக்டர் பையில் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக ஆறு பேர்கூட வரவில்லை, இந்த ஊருக்கு இது தேவையில்லை என்று எங்கள் கணக்கே சொல்கிறது, இன்றோடு நிறுத்தலாம் என்றிருக்கிறோம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. செவ்வந்திக்குத் தெருவின் இருபத்திரண்டு கதவும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யார் என்று அவளால் வரிசையாகச் சொல்ல முடியும். ஆனால் சொன்னால் அவளே அந்தத் தெருவுக்கு சி.ஐ.டி. ஆகிவிடுவாள். "மத்தவங்க வூடு எனக்குத் தெரியாதுங்க. எங்க வூட்ட எழுதிக்கோங்க" என்றாள்.

டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கேட்டார். இது நோய்தான், மருந்து இருக்கிறது, நாள் பிடிக்கும், ஆனால் ஆள் தேறுவார் என்றார். யாரும் தேடவில்லை என்று அவரிடம் வாதாட வேண்டாம், அந்தப் பயம் அவருக்கு நிஜம், தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றார். ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, தூங்க வைத்துக் கீழே கூட்டி வருவதற்காக மூன்றே மூன்று மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, அதுவரை ஊரிலேயே தங்குவதாகச் சொன்னார்.

மறுநாள் அம்மாசியோடு மலை ஏறினாள். செல்லமுத்து குடிசைச் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. வழியெல்லாம் டாக்டர் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்தான், அவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"உன்ன யாரும் தேடல மாமா. நானே ஸ்டேஷனுக்குப் போயி நோட்ட பாத்துட்டு வந்துட்டேன்."

செல்லமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். டீக்கடையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்த பார்வை, ஊற்றைப் பார்த்த பார்வை, இப்போது அவள்மேல் இருந்தது.

"உன்னயும் வாங்கிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

இதைவிட அவன் அடித்திருக்கலாம். உலகத்தில் அவன் மிச்சம் வைத்திருந்த ஒரே ஆள் அவள், அதுவும் போயிற்று. அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "சரி, வாங்கிட்டாங்கன்னே வெச்சிக்கோ. நீ தூங்கி எத்தினி நாளாச்சி?" என்றாள்.

அவன் விரல்களைப் பார்த்தான். எண்ணப் பார்த்தான். "தெரியல" என்றான். அப்படியே அழத் தொடங்கினான்.

"தூங்கறதுக்கு மாத்திர கொண்டாந்திருக்கேன்."

"வெஷம்."

"அப்ப நான் மொதல்ல போட்டுக்கறேன், நீ பாரு" என்றாள். ஊற்றுத் தண்ணியை அவன் கண்ணெதிரே ஒரு சொம்பு மொண்டு, ஒரு மாத்திரையை வாயில் போட்டு, சொம்பைக் காலி செய்தாள். கண்ணால் பார்க்காததை நம்பாதவளுக்கு, நம்ப வைக்க வேறு வழி தெரியவில்லை.

நோய் உள்ளவனுக்கான மாத்திரை, நோயில்லாதவளைச் சும்மா விடுமா? மத்தியானம் சாய்ந்தவள் மறுநாள் விடியும் வரை எழுந்திருக்கவில்லை. அம்மாசி வீட்டுச் சனம் பயந்துபோய்ச் சுற்றி நின்றது. அவள் கண் விழித்தபோது செல்லமுத்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நாக்கு குழறிக்கொண்டே, "செத்துட்டனா?" என்று கேட்டாள்.

"இல்ல. நாப்பது தபா மூக்குல கை வெச்சிப் பாத்தேன்" என்றான். பிறகு தானாகவே சொம்பை எடுத்துப் போய்த் தண்ணி மொண்டு வந்தான். குடித்தான், மறுபடியும் மொண்டு குடித்தான். மாத்திரைக்குக் கை நீட்டினான்.

அவனைக் கீழே கூட்டி வந்தபோது இதைக் கேள்விப்பட்ட டாக்டர் அவளைத் திட்டிய திட்டு சத்திரத்து வாசல் வரை கேட்டது. திட்டி முடித்துவிட்டு, அடுத்த மாதமும் வருவதற்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். அடுத்த மாதம் செவ்வந்தியும் செல்லமுத்துவும் சத்திரத்துக்குப் போகும்போது, பத்தடி பின்னால் ஜெயசுதா மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்லமுத்து ஒரேயடியாகத் தேறவில்லை. மாத்திரையால் கை நடுங்கியது, உடம்பு ஊதியது, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தான். நடுவில் இரண்டு தடவை மாத்திரையைத் துப்பிவிட்டு மறுபடி பரண் ஏறினான். அடுத்த தையில் மரவாடிக்குத் திரும்பினான், ரம்பம் வேண்டாம், பலகை அடுக்குகிறேன் என்று. எண்பத்தொன்பதில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீதம் என்று அறிவித்ததை டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து, "கெடச்சிடுச்சாம்" என்று சொன்னான். செவ்வந்தி போய் விசாரித்துவிட்டு வந்தாள். உண்மைதான்.

அந்த வருஷம் ஒரு புதன்கிழமை, சத்திரத்திலிருந்து இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். நல்ல வெயில். போலீஸ் ஸ்டேஷனைத் தாண்டி வரும்போது செல்லமுத்து கேட்டான்.

"ஒன்னு கேக்கட்டுமா? எனக்குத்தான் புத்தி கொழம்பிப் போச்சி. நீ இன்னாத்துக்கு நம்புன?"

செவ்வந்தி வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நான் எது சொன்னாலும் போயி விசாரிச்சிட்டு வர ஆளு நீ. அத மட்டும் விசாரிக்கல. தோ, வூட்டுலருந்து ஸ்டேஷனு அஞ்சி நிமிஷம்."

அவன் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் அவளுக்கு அது அப்படி வலித்தது. போலீஸ்மேல் பயம் என்று சொல்லலாம், ஊரே அப்படித்தான் பேசியது என்று சொல்லலாம். இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை யார் சொன்னாலும் அவள் ஒத்துக்கொண்டதில்லை.

"அப்பதான் நீ மொத மொறயா என்ன மாரியே பேசுன மாமா" என்றாள். "எனக்கு அது நல்லா இருந்திச்சி."

செல்லமுத்து ஓரத்து நிழலை அவளுக்கு விட்டுவிட்டு வெயில் பக்கம் வந்து நடந்தான்.

"எனக்குந்தான்" என்றான்.